வேற்றுக்கிரகவாசி எந்தத் தெருவில் இறங்குவான்?

பறக்கும் தட்டைப் பற்றியும் ஏலியன் படங்களைப் பற்றியும் எழுதப் போகிறோம் என்றதும் முகம் சுளித்த தோழர்கள் உண்டு. ஆணவக்கொலைச் செய்தியும் மலக்குழி மரணச் செய்தியும் ஓயாத நாட்டில் இதெல்லாம் ஒரு பேச்சா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலானோர் அம்பேத்கரைப் படிப்பதற்கு முன்பே 'அவதார்', 'பிகே', 'அயலான்' எல்லாம் பார்த்து முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். மனிதகுலம் என்றால் யார் யார், அந்நியன் என்றால் யார், வந்தவனை எப்படி நடத்துவது என்ற முதல் பாடத்தை அந்தப் படங்கள் அவர்களுக்கு நடத்திவிட்டன. அந்தப் பாடத்தில் எந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நம் வேலை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இவ்வளவு பெரிய அண்டத்தில் பூமியைத் தவிர வேறெங்கும் உயிர் இருக்கவே முடியாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இங்கே வந்து இறங்கினார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்க உளவுத்துறை 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கை 144 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டது. உறுதியாக விளக்க முடிந்தது ஒன்றே ஒன்றைத்தான். அது காற்று இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய பலூன். 2023 ஜூலையில் டேவிட் குரூஷ் என்ற முன்னாள் உளவு அதிகாரி, மனிதரல்லாத உயிரிகளின் எச்சங்கள் அரசிடம் இருப்பதாக அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். விவரம் தெரிந்தவர்கள் தன்னிடம் சொன்னது என்றாரே தவிர, தன் கண்ணால் பார்த்தது என்று சொல்லவில்லை. 2024 மார்ச்சில் பென்டகனின் ஆய்வு அலுவலகம், வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. விளக்கம் கிடைக்காததெல்லாம் ஏலியன் ஆகிவிடாது. ஜோசியத்துக்கும் செய்வினைக்கும் நாம் கேட்கும் ஆதாரத்தைத்தானே பறக்கும் தட்டுக்கும் கேட்க வேண்டும்? இரவு 12 மணிக்கு வாட்ஸ்அப்பில் தட்டு வீடியோ அனுப்பும் தம்பிகள் கவனிக்க.

இந்த அறிக்கைகளில் நம்மை உறுத்தியது 'அடையாளம் தெரியாத' என்ற சொல்தான். வானத்தில் பறந்த அடையாளம் தெரியாத பொருளைத் தேட ஓர் அரசு தனி அலுவலகமே வைத்திருக்கிறது. நம் ஊரில் இதே சொல் காவல் நிலையத்தில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையில் வரும். அம்பேத்கர் சிலையை உடைத்தவர்கள் 'அடையாளம் தெரியாத நபர்கள்'. குடிசைக்குத் தீ வைத்தவர்கள் 'அடையாளம் தெரியாத நபர்கள்'. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலந்தவர்களும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் இருந்தார்கள். 2025 ஜனவரியில் ஒருவழியாக சி.பி.சி.ஐ.டி. அடையாளம் கண்டுபிடித்தது. யாரை? தலித் மக்களிலேயே மூன்று பேரை! அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நாமும் ஏற்கவில்லை.

இப்போது படங்களுக்கு வருவோம். வேற்றுலகத்தாரோடு மனிதருக்கு ஏற்படும் முதல் சந்திப்பை ஆங்கிலத்தில் 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' என்கிறார்கள். 'காண்டாக்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீனில் தொடுதல். தமிழில் நேராகச் சொன்னால் முதல் தீண்டல். படங்களும் அப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' (1982) என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நீண்டு வரும் அந்த விரல்தான். 'அரைவல்' (2016) படத்தில் மொழியியலாளரான கதாநாயகி பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டு, நடுவே இருக்கும் கண்ணாடித் தடுப்பில் உள்ளங்கையை வைக்கிறாள். அந்தப் பக்கத்திலிருந்து அந்த உயிரும் தன் உறுப்பை வைக்கிறது. பார்ப்பவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது. நமக்கும்தான் சிலிர்த்தது. பல ஒளியாண்டு தாண்டி வந்த ஒன்றைத் தொடுவதற்கு இவ்வளவு ஏக்கம். தெரு தாண்டி வந்தவரிடம் சில்லறையைக் கையில் வாங்காமல் கல்லா மேசையில் வைக்கச் சொல்லும் கடைகள் இன்னும் இருக்கும் ஊரில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்க்கிறோம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

ராஜ்குமார் ஹிரானியின் 'பிகே' (2014) இந்தியாவில் எடுக்கப்பட்ட ஏலியன் படங்களில் ஆகத் துணிச்சலானது என்று கொண்டாடப்பட்டது. அமீர்கான் ராஜஸ்தானில் நிர்வாணமாக வந்து இறங்குகிறார். ஊர் திரும்புவதற்கான ரிமோட் திருடு போகிறது. அதைத் தேடப் போய்க் கடவுளைத் தேட வேண்டியதாகிறது. ஒரு மருத்துவமனைக் காட்சியில், பிறந்த குழந்தையின் உடம்பில் மத முத்திரை எங்கே குத்தியிருக்கிறது என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பான் அந்த ஏலியன். கைதட்ட வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தக் குழந்தையோடு சேர்ந்தே பிறந்த இன்னொன்று பெயர்ப் பதிவிலும் பள்ளிச் சான்றிதழிலும், கடைசியில் சுடுகாட்டுப் பாதையிலும் வருமே, அதைப் பற்றி இரண்டரை மணி நேரப் படத்தில் பேச்சே இல்லை. இந்து முஸ்லிம் உண்டு, சீக்கியர் உண்டு, சர்ச் உண்டு. சாதி மட்டும் கிடையாது.

இதைவிட நம்மை உலுக்கியது ஒன்று இருக்கிறது. பிகே மொழி கற்பதே தொட்டுத்தான். எதிரே இருப்பவரின் கையைப் பிடித்தால் அவர் மனதிலிருப்பது அவனுக்குள் இறங்கும். பார்ப்பவர் கையையெல்லாம் பிடிக்கப் போய் அடி வாங்குகிறான். கடைசியில் ஒரு பாலியல் தொழிலாளிதான் மணிக்கணக்கில் கையைக் கொடுக்கிறாள். அவளிடமிருந்து போஜ்புரி வருகிறது. சமூகம் ஒதுக்கிய ஒருத்திதான் கை கொடுப்பாள் என்பது வரைக்கும் வந்துவிட்ட திரைக்கதை, அதற்கு அடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை. தொடுதலையே கதையின் சாவியாக வைத்து எடுத்த படத்தில் தீண்டாமை என்ற சொல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை! பிகே கோயிலுக்குள் நேராக நடந்து போகிறான். அவனுக்கு அங்கே இருக்கும் சிக்கல் உண்டியலில் போட்ட காசு மட்டும்தான். 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்கள் உள்ளே வந்து வழிபடும் உரிமை கேட்டதால் எழுந்த தகராறில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே அதிகாரிகள் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தார்கள். அந்த வாசலில் இறங்கியிருந்தால் பிகே எந்தக் கேள்வியைக் கேட்டிருப்பான்?

தமிழ்ப் படங்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? 1963இல் வந்த எம்.ஜி.ஆரின் 'கலை அரசி'யில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வருவது ஒரு பாடகியைக் கடத்திப் போய்த் தங்கள் மக்களுக்குச் சங்கீதம் சொல்லித்தர வைக்க. (அவ்வளவு உயரத்திலிருந்து வந்தவர்கள் காதில் பறைச் சத்தம் மட்டும் எப்படி விழாமல் போனதோ!) 2024 பொங்கலுக்கு வந்த 'அயலா'னில் கிராமம் இருக்கிறது, இயற்கையை நேசிக்கும் விவசாயி இருக்கிறார், பூமியைத் துளைக்கும் கார்ப்பரேட் வில்லன் இருக்கிறார். நிலத்தில் கூலிக்கு இறங்குபவர்களின் தெரு எங்கே இருக்கிறது என்று படம் காட்டவில்லை. நம் சினிமாவில் ஏலியன் எப்போதும் ஊருக்குள்தான் இறங்குகிறான்.

இந்த இடத்தில் சிலர் சொல்வது நமக்குத் தெரியும். "உண்மையிலேயே ஏலியன் வந்தால் பாருங்கள், சாதி மதமெல்லாம் பறந்துபோகும், மனிதர் எல்லாம் ஒன்றாகிவிடுவோம்." கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் தவறாமல் வரும் வசனம். 1987 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அமெரிக்க அதிபர் ரீகனும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்: வேற்றுலக ஆபத்து ஒன்று வந்தால் நம் வேறுபாடுகள் எவ்வளவு வேகமாக மறைந்துவிடும் என்று. 'இண்டிபெண்டன்ஸ் டே' (1996) இதைப் படமாகவே எடுத்துக் காட்டியது. மனிதகுலம் ஒன்றாகும் நாள் ஜூலை 4, அதாவது அமெரிக்காவின் சுதந்திர தினம். மனிதகுலத்துக்கு யார் தலைமை என்பதில் அவர்களுக்குக் குழப்பமே இல்லை.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க நாம் ஏலியனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடலிலிருந்து ஒன்று வந்தது. மொத்தக் கடற்கரையையும் அடித்துப் போட்டது. அலை யாருடைய சாதியையும் கேட்கவில்லை. ஆனால் நாகப்பட்டினத்தில் நிவாரண முகாம்கள் கேட்டன. தலித் குடும்பங்கள் பொது முகாமில் தங்க விடாமல் தள்ளிவைக்கப்பட்டதையும், தண்ணீருக்கும் நிவாரணப் பொருளுக்கும் விரட்டப்பட்டதையும் மனித உரிமை அமைப்புகள் அன்றே பதிவு செய்தன. அழுகிய சடலங்களை அள்ள மற்ற ஊர்களின் நகராட்சிகளிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சமூகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கே ஒரு தட்டு கீழே விழுந்து உடைந்தாலும், உள்ளே இருக்கும் உடலைத் தூக்க யாரைக் கூப்பிடுவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

சரி, ஏலியன் வருகை என்றாலே படையெடுப்பு என்ற பயம் எங்கிருந்து வந்தது? எச்.ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட 'தி வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலின் தொடக்கத்திலேயே விடை இருக்கிறது. செவ்வாய்க்காரர்களைத் திட்டுவதற்கு முன், டாஸ்மேனிய மக்களை நம் ஆட்கள் எப்படி அழித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள் என அவர் தன் ஆங்கில வாசகர்களிடம் சொல்கிறார். தாங்கள் மற்றவர்களுக்குச் செய்ததைத் தங்களுக்கு ஒருவன் செய்துவிட்டால் என்ன ஆகும் என்ற கலக்கம் அது. அடித்தவனுக்கு வரும் கெட்ட கனவு. அடி வாங்கியவர்களுக்கு அந்தப் படையெடுப்பு ஏற்கெனவே நடந்து முடிந்த கதை.

அந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படம் ஒன்று உண்டென்றால் அது நீல் ப்ளோம்காம்பின் 'டிஸ்ட்ரிக்ட் 9' (2009). ஜோகன்னஸ்பர்க் நகருக்கு மேலே ஒரு கப்பல் வந்து நின்றுபோகிறது. உள்ளே பட்டினியில் கிடந்தவர்களைக் கீழே இறக்கித் தகரக் கொட்டகைகளில் அடைக்கிறார்கள். 'இறால்' என்று இழிபெயர் வைக்கிறார்கள். பிறகு நகரத்துக்கு இடைஞ்சல் என்று அங்கிருந்தும் கிளப்புகிறார்கள். தலைப்பு கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸை நினைவூட்டுகிறது. 1966இல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கானது என அறிவித்து 60,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது நிறவெறி அரசு. படத்தில் விக்கஸ் என்ற அதிகாரி காகிதக் கட்டோடு வீடு வீடாகக் கதவைத் தட்டி, வெளியேற்ற நோட்டீசில் கையெழுத்து வாங்கும் நீண்ட காட்சி வரும். சட்டப்படிதான் எல்லாம் நடக்கிறது என்று கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விளக்குவான். கூவம் கரையில் வீடுகள் இடிபட்டபோது அங்கே நின்றவர்களுக்கு இந்தக் காட்சியில் புதிதாக எதுவும் தெரியாது. கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்கள் அனுப்பப்பட்டது இப்படி ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்துத்தான். சென்னையைக் கட்டியவர்கள் சென்னைக்குள் அந்நியர் ஆனார்கள்.

அந்தப் படத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாட வேண்டாம். ஏலியனிடம் நியாயமாக இருக்கும் அதே படம் நைஜீரியர்களை நரமாமிசம் தின்னும் ரௌடிகளாகக் காட்டியது. நைஜீரிய அரசு படத்தைத் திரையரங்குகளிலிருந்து எடுக்கச் சொன்னது. ஒடுக்குமுறையைப் பற்றிப் படமெடுப்பவருக்கும் தனக்குக் கீழே ஒருவர் தேவைப்படுகிறார்.

ஏலியன் விவகாரத்தில் நமக்கு ஆகப் பெரிய கோபம் வருவது படங்களின் மீதுகூட இல்லை, யூடியூபின் மீது. எல்லோரா கைலாசநாதர் கோயிலை மனிதன் செதுக்கியிருக்க முடியாதாம். தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அவ்வளவு பெரிய கல்லை மனிதன் ஏற்றியிருக்க முடியாதாம். ஏலியன் வந்து கட்டிக் கொடுத்ததாம். எரிக் வான் டேனிகன் 1968இல் ஆரம்பித்து வைத்த வியாபாரம் இது. எகிப்தியரால் முடியாது, மாயர்களால் முடியாது என்று அவர் பக்கம் பக்கமாக எழுதினார். கிரேட் ஜிம்பாப்வேயின் கல்மதில்களைக் கறுப்பர்கள் கட்டியிருக்க மாட்டார்கள் என்று வெள்ளைக் குடியேறிகள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஒரே குரல். நம் நாட்டில் இதற்கு இன்னொரு பதிப்பும் உண்டு: ரிஷிகள் விமானம் ஓட்டினார்கள் என்பது. அதற்கு ஆதாரமாகக் காட்டும் 'வைமானிக சாஸ்திர'த்தை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1974லேயே ஆராய்ந்து, அது 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, அதில் சொல்லும் எதுவும் பறக்காது என்று முடித்துவிட்டார்கள். ஏலியனோ ரிஷியோ, யாருக்கு வேண்டுமானாலும் பெருமையைக் கொடுப்பார்கள். கல் உடைத்தவருக்கும் மண் சுமந்தவருக்கும் கொடுக்க மனம் வராது.

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரை அந்த யூடியூபர்கள் படித்துப் பார்க்கட்டும். ராஜராஜன் காலக் கல்வெட்டு கோயிலுக்கு விட்ட ஊர்களை வரிசையாகச் சொல்லி, அவற்றில் வரி வராத இடங்களைக் கழிக்கிறது. கழிக்கப்படும் இடங்களில் பறைச்சேரி வருகிறது. தீண்டாச்சேரியும் வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அந்தச் சொல் கல்லில் இருக்கிறது. வேற்றுலகத்தார் வந்து கட்டினார்கள் என்றால் இந்தச் சொல்லையும் அவர்களா கொண்டுவந்து வெட்டினார்கள்? கட்டியவர்களை மறைத்தால் ஒதுக்கியவர்களையும் மறைத்துவிடலாம். அதற்குத்தான் இந்த ஏலியன் உதவுகிறான்.

வேற்றுலகத்தாருக்கு மனிதர்கள் உண்மையாகவே ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்கள். 1977இல் புறப்பட்ட இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் தங்க முலாம் பூசிய ஓர் இசைத்தட்டு இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்து. இந்தி, தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. இதற்காக வருத்தப்படும் தமிழ்ப் பெருமைக்காரர்கள் நிறைய. நமக்கு வேறு இரண்டு செய்திகள் முக்கியம். ஒன்று, இந்தியாவிலிருந்து அதில் போனது கேசர்பாய் கேர்கரின் குரல். கோவாவில் கோயிலோடு கட்டிப்போடப்பட்ட கலாவந்த் சமூகத்தில் 1892இல் பிறந்தவர். அவர் குரல் இன்று சூரியக் குடும்பத்தின் எல்லையைத் தாண்டி 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டின் பெயர் 'ஜாத் கஹா(ங்) ஹோ', எங்கே போகிறாய் என்று பொருள். 'ஜாத்' என்றதும் நமக்குச் சாதி என்று காதில் விழுவது நம் குற்றமில்லை. இரண்டாவது, இசைத்தட்டில் போர், நோய், குற்றம், வறுமை எதையும் சேர்ப்பதில்லை என்று தேர்வுக் குழு முடிவெடுத்தது. விருந்தாளி வரும்போது சேரிப் பக்கம் பச்சைத் துணி கட்டி மறைப்பது நமக்குத் தெரிந்த வேலைதான்.

அந்தக் குழுவுக்குத் தலைவர் கார்ல் சேகன். அவரைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவர் நம்மிடையே இருந்தார். ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் ரோஹித் வேமுலா. உதவித்தொகை நிறுத்தப்பட்டது. விடுதியிலிருந்து ஐந்து மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வளாகத்துக்குள்ளேயே 'வெலிவாடா' என்று பெயர் வைத்துக் கூடாரம் போட்டார்கள். ஊருக்கு வெளியே தள்ளிய சேரி என்பதற்குத் தெலுங்குச் சொல் அது. நட்சத்திரங்களைப் பற்றி எழுத நினைத்தவர் ஜனவரிக் குளிரில் அங்கே படுத்தார். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். தன் கடிதத்தில் சேகனைக் குறிப்பிட்டிருந்தார். அதன் பிறகு அரசு எதைத் தேடியது? அவர் உண்மையில் தலித்தா இல்லையா என்பதை. 2024 மே மாதம் தெலங்கானா போலீஸ் அவர் பட்டியல் சாதியே இல்லை என்று எழுதி வழக்கை மூடப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் மேற்கொண்டு விசாரிப்போம் என்றார்கள். வேங்கைவயலில் அடையாளம் தெரியாமல் தவித்தவர்களுக்கு இறந்துபோன மாணவரின் அடையாளம் மட்டும் எவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது, பாருங்கள்.

ஆகவே வானம் நமக்கு வேண்டாத விஷயம் என்று சொல்லும் தோழர்களோடு நாம் உடன்படவில்லை. ஏலியன் கதை எழுதுவதற்கு நம்மைவிடத் தகுதியானவர் யார்? தீண்டாமை என்றால் என்னவென்று வெளிநாட்டவருக்கு எப்படிப் புரியவைப்பது என்ற கேள்வியோடுதான் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலைத் தொடங்குகிறார். தத்துவ விளக்கம் கொடுக்காமல் சம்பவங்களைச் சொல்கிறார். மசூர் ரயில் நிலையத்தில் நல்ல உடை உடுத்திய சிறுவர்கள் இறங்குகிறார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகத்தான் விசாரிக்கிறார், மஹர் என்று தெரியும் வரை. தெரிந்ததும் முகம் மாறுகிறது. இரட்டைக் கூலி தருவதாகச் சொல்லியும் வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போக, வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவது என்று ஏற்பாடாகிறது. கிரகம் மாறி இறங்கிய பிள்ளைகளின் கதை இது.

இதைப் படித்துவிட்டு எங்கள் வட்டத்து மாணவர்கள் 'பிகே'யின் முதல் அரை மணி நேரத்தை நம் பக்கத்து ஊரில் வைத்துத் திருப்பி எழுதத் தொடங்கினார்கள். ஏலியன் ஏரிக்கரையில் இறங்குகிறான். டீக்கடைக்கு வருகிறான். "தம்பி எந்த ஊரு" என்பது முதல் கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் "ஊர்ல எந்தத் தெரு" என்பது அடுத்த கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காததால் டீயைக் கண்ணாடி டம்ளரில் கொடுப்பதா, பேப்பர் கப்பில் கொடுப்பதா என்று கடைக்காரர் திண்டாடுகிறார். இதுவரைக்கும் எல்லோருக்கும் உடன்பாடு. அவனை வைத்து இரட்டை டம்ளரை ஒழித்துவிடலாம் என்று இரண்டு பையன்கள் சொன்னபோதுதான் சண்டை வந்தது. "வெளியிலேர்ந்து வர்றவன் எல்லாம் நம்மளக் காப்பாத்த வர்றவன்னு எழுதாதீங்க. அவன் ரிமோட்டத் தேடிக்கிட்டுப் போகட்டும். டம்ளர நாம பாத்துக்கலாம்" என்றாள் முதலாமாண்டு படிக்கும் ஒரு தங்கை. கதை மூன்றாம் பக்கத்தில் நிற்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'டிஸ்ட்ரிக்ட் 9' போட்டுக் காட்டிவிட்டுச் சண்டையைத் தொடர்வதாக முடிவு.